கட்டிலின் கால் உயரம்

கூலாயிலிருந்து ஸ்கூடாய் யூ.டி.எம். பல்கலைக்கழகத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள கல்லூரிகளுக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பதிவு நாளில் கார் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு போவார்கள். அறைக் கதவைத் திறந்த பிறகுதான், பாதியை வைக்கவும் இடமில்லை என்று தெரியும். "எதுக்கு இவ்வளவு மூட்டை?" என்று பிள்ளைதான் திட்டு வாங்கும். அறையில் கட்டில் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

செனாய் தொழிற்சாலைகளின் தொழிலாளர் விடுதிகளுக்கு இந்த விஷயத்தில் ஓர் அளவுகோல் உண்டு. தொழிலாளர் தங்குமிடத் தரம் பற்றி 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020-இல் விதிமுறைகளும் நடப்புக்கு வந்தன. பொதுக்கூட விடுதியில் தலைக்கு 3 சதுர மீட்டர், கட்டில் 1.7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, இரட்டை அடுக்கென்றால் நடுவில் 0.7 மீட்டர் இடைவெளி, பூட்டுள்ள அலமாரி 0.35 மீட்டர் நீளம், 0.35 அகலம், 0.9 உயரம். அந்தச் சட்டம் தொழிலாளர்களுக்கானது. ஆனால் கல்லூரி விடுதியையும் வாடகை வீட்டு அறையையும் அதே அளவில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஆறு சதுர மீட்டர் அறையில் இருவர் என்று கொள்வோம். மூன்றடிக்கு ஆறேகால் அடிக் கட்டில் இரண்டைப் போட்டால் தரையில் பாதிக்கு மேல் போய்விடும். மீதியில்தான் இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, அலமாரி, கதவு திறக்கும் வழி எல்லாம். சட்டம் சொல்லும் அந்த அலமாரியின் கொள்ளளவோ ஏறக்குறைய 110 லிட்டர்; ஒரு பெரிய பயணப்பெட்டி அளவுதான். நான்கு மாதத் துணி, புத்தகம், துண்டு, தின்பண்டம் அதற்குள் அடங்குமா?

இடம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே 30 சென்டிமீட்டர் உயரம் கிடைத்தால் 500 லிட்டருக்கு மேல், அதாவது நான்கு அலமாரிக்கும் மேல். கட்டிலோ பெட்டி நுழையாத அளவுக்குத் தாழ்வாக வருகிறது. நுழைந்தாலும் நடுவே ஓர் இரும்புச் சட்டம் தடுக்கிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடம் சொல்லத் தேவையில்லை. குடும்பத்தின் நல்ல துணியும் பத்திரமும் கட்டிலடி இரும்புப் பெட்டியில்தான் இருந்தன.

இரட்டை அடுக்கு போட்டால் தரை மிச்சம்தான். ஆனால் மேலே படுப்பவர் ஜொகூர் வெக்கையில், கூரையோரச் சூட்டில் கிடக்கவேண்டும். கூரைக் காத்தாடி கைக்கெட்டும் தூரத்தில் சுற்றினால் அது ஆபத்து. அதன் நேர்கீழே மேல்கட்டில் வைக்கவே கூடாது. என்னைக் கேட்டால், இடம் போதாத அறையில் மேல்கட்டிலை விட உயரமான ஒற்றைக் கட்டில்தான் நல்லது.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைப்பதும் நம் ஊருக்கு ஒத்துவராது. மழைக்காலத்தில் சுவர் ஈரம் உள்ளே இறங்கி, மடித்து வைத்த துணியில் பூஞ்சை பிடிக்கும். நாலு விரல் இடைவெளியும் கதவில் காற்றுத் துளையும் விட்டால் போதும், செலவே இல்லை.

விடுதி நிர்வாகங்கள் அடுத்த முறை தளவாடம் வாங்க டெண்டர் விடும்போது, கட்டில் எண்ணிக்கையோடு கால் உயரத்தையும் எழுதட்டும்: தரையிலிருந்து கட்டில் சட்டத்தின் அடிவரை 40 சென்டிமீட்டர், நடுவில் தடுப்பு இல்லாமல். விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்லும் இடங்களில் பூட்டுள்ள பொது சாமான் அறை ஒன்றும் வேண்டும். சபா, சரவாக்கிலிருந்து வந்த பிள்ளை விமானத்தில் வாளியையும் மெத்தையையும் கொண்டு போக முடியாது.