போதும்னு சொல்ல ஒரு ஆள்

குத்துச்சண்டையில யார் பெரிய வீரன்னு கேட்டா எல்லாரும் அலிம்பாங்க. நான் எட்டி ஃபட்ச்னு சொல்லுவேன். யாருன்னு கேக்கறீங்களா? ஜோ ஃப்ரேஸியரோட பயிற்சியாளர்.

1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஃப்ரேஸியருக்கும் மூணாவது மோதல். அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு வெற்றி. சண்டைக்கு முன்னாடியே அலி இவரை கொரில்லான்னு கூப்பிட்டு ஊர் சிரிக்க வெச்சுட்டார். அந்த வன்மம் மனசுல இருக்கறப்ப எவனாவது பின்வாங்குவானா? பதினாலு ரவுண்டு முடிஞ்சப்போ ஃப்ரேஸியருக்குக் கண்ணு ரெண்டும் சரியாத் தெரியல. இன்னும் ஒரே ரவுண்டுதான் பாக்கி. அவர் எந்திரிக்கப் பாக்கறார், ஃபட்ச் விடல. சண்டையை நிறுத்திட்டார். ஜெயிச்ச அலியே, சாவுக்குப் பக்கத்துல போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சுன்னுதான் சொன்னார்.

அதே அலி, ஓய்வுன்னு அறிவிச்சுட்டு 1980ல மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூடக் காட்சிப் போட்டி ஆடினார். அத்தோட நின்னிருக்கலாம். நிக்கல. அந்த அக்டோபர்லயே லாரி ஹோம்ஸ்கிட்ட அடி வாங்கினார். அவரோட பயிற்சியாளர் டண்டி நிறுத்தறதுக்குள்ள பத்து ரவுண்டு போயிருச்சு. 1984ல பார்க்கின்சன் நோய்னு தெரிஞ்சுது. அந்த ஒரு சண்டைதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா தலையில வாங்கின ஒவ்வொரு அடிக்கும் கணக்கு இருக்குங்க.

நம்ம பக்கம் அரவக்குறிச்சி பூலாம்வலசுல பொங்கலுக்கு சேவக்கட்டு நடக்கும். சேவலுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. கூட நிக்கறவந்தான் பாத்துத் தூக்கோணும். ரோஷம் வந்த மனுஷனும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா... நான் ரெண்டு தடவை நீட் எழுதினவன். மூணாவது தடவைக்கு ஹாஸ்டல்ல உக்காந்து, தூக்கமில்லாம, சோறு எறங்காம கெடந்தேன். அப்பா ஒரு நாள் சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்தார். என்னைப் பாத்தார். "போதும் கண்ணு, பெட்டியக் கட்டு, ஊட்டுக்குப் போலாம்"னார். கட்டின ஃபீஸ் போச்சேன்னு ஒரு வார்த்தை பேசல. ஆறு மாசம் நான் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. இன்னும் ஒரே ரவுண்டுதானேப்பான்னு உள்ளுக்குள்ள ஒரே ஆத்திரம்.

இப்ப கோயமுத்தூர்ல பி.எஸ்சி. படிக்கறேன். நல்லாத் தூங்கறேன் :-)

விடாம போராடுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. போதும்னு சொல்றவனைத்தான் கோழைங்கறோம். ஆனா அதைச் சொல்றதுக்கு நம்மளை நெசமா நேசிக்கற ஒருத்தர் வேணும். அவரை நாம வெறுத்தாலும் பரவாயில்லைன்னு நினைக்கற ஒருத்தர்.

உங்க மூலையில அப்படி யார் இருக்காங்க?