பத்தாவதோடு நின்றவர் கதையில் விட்டுப்போன பாதி

பூனாவில் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பத்தாவதில் தவறிய பையனைப் பற்றித் தாய் கவலைப்பட்டால், பக்கத்து வீட்டார் சொல்லும் ஆறுதல் இது: "படிப்பு என்னத்துக்கு அக்கா? குயிக் ஹீல் கம்பெனி கைலாஷ் காட்கர் பத்தாவதோடு நின்றவர்தானே? இன்று கோடீஸ்வரர் இல்லையா?" நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பாதிக் கதையைச் சொல்லி ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நிறுத்துவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முழுக் கதையையும் பார்ப்போம்.

காட்கர் குடும்பம் சதாரா மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பூனாவுக்கு வந்த குடும்பம். அவர்களுக்கும் இந்நகரம் வந்தேறிய ஊர்தான். தந்தை ஆலைத் தொழிலாளி. 1980களின் நடுவில் பள்ளியை விட்ட கைலாஷ், கால்குலேட்டரும் ரேடியோவும் பழுது பார்க்கும் கடையில் மாதம் சுமார் 400 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்தார். பழுதான கால்குலேட்டரைச் சரிசெய்ய வங்கிக்குப் போனபோதுதான் கணிப்பொறியை முதலில் பார்த்தார்.

கணிப்பொறி வந்தால் வேலை போகும் என்று வங்கி ஊழியர் சங்கங்கள் போராடிய காலம் அது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த இளைஞருக்குத் தோன்றியதும் அதே அச்சத்தின் மறுபக்கம்தான்: இது வந்தால் கால்குலேட்டர் போய்விடும், அதோடு தன் பிழைப்பும் போய்விடும். புத்தகம் வாங்கித் தானே படித்தார். 1990இல் சுமார் 15,000 ரூபாய் முதலில் சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை வைத்தார். பிறகு கணிப்பொறிகளைப் பராமரிக்கும் வேலையையும் எடுத்தார்.

பழுதுக்கு வந்த பல கணிப்பொறிகளில் கோளாறு பொறியில் இல்லை. வைரஸ் என்னும் கள்ள நிரலில் இருந்தது. பிளாப்பித் தகட்டில் ஒளிந்து பொறிக்குப் பொறி தொற்றும். 1986இல் உலகெங்கும் பரவிய 'பிரெய்ன்' வைரஸை எழுதியவர்கள் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள். வைரஸ்களுக்கு மருந்து கொண்டுவந்தவர்களிலும் நம் பூனாவின் இரு சகோதரர்கள் சேர்ந்தது வேடிக்கைதான். 1990களின் தொடக்கத்தில் 'மைக்கேலாஞ்சலோ' என்ற வைரஸ் மார்ச் 6ஆம் தேதி வந்தால் தகட்டில் உள்ளதை அழித்துவிடும் என்று உலகமே நடுங்கியது. அதுபோன்ற தொற்றுகளை நீக்கக் கடைக்காக ஒரு நிரல் எழுதப்பட்டது. அதுவே வளர்ந்து 1995 வாக்கில் குயிக் ஹீல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அந்த நிரலை எழுதியது யார்? கைலாஷ் அல்ல. அவருடைய தம்பி சஞ்சய். பூனா பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் முதுகலை வரை படித்தவர். அந்தப் பாடத்தை எடுக்கத் தூண்டியவர் அண்ணன். தம்பியின் காலேஜ் சம்பளம் கட்டியதும் பழுது பார்க்கும் கடையில் வந்த காசுதான்.

விட்டுப்போன பாதி இதுதான், தோழர்களே! படிக்காதவர் முன்னேறினார் என்று இந்தக் கதையைச் சொல்வது தவறு. ஒருவர் உழைத்து இன்னொருவரைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பு திரும்பி வந்து கடையைத் தூக்கி நிறுத்தியது. கையும் படிப்பும் ஒரே வீட்டில் சேர்ந்தன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இல்லை.

பின்னால் நடந்தவை செய்தித்தாளில் வந்தவைதான். 2010இல் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் 60 கோடி ரூபாய் போட்டது. 2016 பிப்ரவரியில் 321 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். சந்தையில் முதல் நாளே விலை அதற்குக் கீழே போயிற்று. விண்டோஸோடு வைரஸ் காவலும் இலவசமாக வரத் தொடங்கிய பின், வீட்டுக்குப் பெட்டி விற்பதை மட்டும் நம்பியிருக்க முடியாமல் போயிற்று. 'செக்ரைட்' என்ற பெயரில் அலுவலகங்களின் வலைப்பின்னலையே காக்கும் வேலைக்கும் வந்தார்கள். ரயில்வேக்காரர் பாஷையில் சொன்னால், பெட்டிக்குள் ஏறி ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்ப்பது ஒரு வேலை. நிலைய வாசலிலேயே நின்று உள்ளே வருவோரையும் போவோரையும் கவனிப்பது இன்னொரு வேலை. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வந்து இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளையே முடக்கியபோது, வாசல் காவலின் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் நம் வீடுகளிலிருந்தும் போகலாம்.

ஒருவர் கோடீஸ்வரரானதால் பழுதுக் கடைப் பையன்கள் அத்தனை பேரும் ஆகிவிடப் போவதில்லை. அதே ஆண்டுகளில் இதே ஊரில் அதே வேலை பார்த்து அப்படியே தேய்ந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆகவே கோடியை விட்டுவிட்டு, காலேஜ் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம்.

நம் வீடுகளிலும் மூத்தவர்கள் வேலைக்குப் போகிறார்கள். தம்பிக்காகப் பதினாறு வயதில் படிப்பை விட்ட அக்காமார்கள் எத்தனை பேர்! ஆனால் அந்தச் சம்பளம் எங்கே போகிறது? ஊரில் மனை, கோவில் கொடை, சீர்வரிசை என்று போய்விடுகிறது. தம்பியும் பத்தாவதோடு நிற்கிறான். இரண்டு பேர் வாழ்வும் செலவாகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

மூத்தவர் கதவும் மூடிவிடவில்லை. பத்தாவதில் தவறியவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக மீண்டும் எழுதலாம். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இரவுப் பள்ளி உண்டு. தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ. உண்டு.

ஜூன் மாதப் பொதுக்குழுவில் நாம் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். வேலைக்குப் போகும் மூத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இளைய பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கும் வரை சங்கத்தின் நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன். மூத்தவர் தேர்வு எழுதக் கட்டணம். இதற்குத் திருவிழா நிதியில் பாதியை எடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்கு வந்தே எதிர்க்கட்டும். பழுதுக் கடை, மொபைல் கடை, ஒர்க்‌ஷாப் எங்கு வேலை பார்க்கும் பிள்ளையாக இருந்தாலும், பையனோ பெண்ணோ, பெயரையும் விட்ட வகுப்பையும் மே மாதக் கடைசிக்குள் செயற்குழுவிடம் எழுதிக் கொடுங்கள்.