பூவுக்கு ஒரு நீதி, கத்தரிக்காய்க்கு வேறொரு நீதியா?

வெள்ளவத்தைச் சந்தையில் காலை வேளையில் கத்தரிக்காய் பொறுக்கும் நம்மவர் அதன் நிறத்தைப் பார்க்கிறார், காம்பைப் பார்க்கிறார், விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார். கொட்டாஞ்சேனையில் பச்சை மிளகாய் வாங்கும் தாய்மாரும் அவ்வாறே. ஆயினும், "இதற்குக் கடைசியாக மருந்தடித்தது எந்நாள்?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் வியாபாரியால் விடை கூற இயலாது. எங்கோ ஏற்றப்பட்டுப் பேலியகொடை மொத்தச் சந்தையில் இறங்கிய மூட்டைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஏது?

இதே நாட்டில் இன்னொரு பயிர் இருக்கிறது. அதற்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் உண்டு. நன்னடத்தைப் பத்திரமும் வேண்டும். கம்பஹா மாவட்டத்தின் மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி வழங்கப்பட்டதாக 2025ஆம் ஆண்டிலே செய்தி வெளிவந்தது. 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த ரணில் விக்கிரமசிங்க இப்பயிருக்கு நிபுணர் குழு அமைக்க முன்மொழிந்தார். ஆட்சிகள் மாறின, இந்த ஆசை மட்டும் மாறவில்லை.

கஞ்சா வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை நாம் இன்று எடுக்கவில்லை. 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கையில் எவரும் வீட்டு முற்றத்தில் அதை நடலாம் என்று நாம் கூறப்போவதும் இல்லை. நாம் கேட்பது வேறு. அந்தப் பூவைப் பூச்சியினின்றும் நஞ்சினின்றும் ஒருங்கே காப்பதற்கு என்னென்ன அறிவு தேவையோ, அந்த அறிவு நமது கமக்காரனுக்கு ஏன் கிடைக்கவில்லை? வெளிநாட்டு நோயாளிக்கு உரிய காவல் உள்நாட்டுக் குழந்தையின் உணவுத் தட்டுக்கு ஏன் இல்லை?

முதலில் அப்பயிரின் இயல்பை அறிந்து கொள்வோம். சிலந்திப் பேன், அழுக்கணவன், பனிப்பூச்சி ஆகியவை அதன் இலையை உறிஞ்சும். பூத்தபின் புழு மொட்டுக்குள் நுழையும். ஈரக் காற்றில் நரைப் பூஞ்சணம் பூவை உள்ளிருந்தே அழுகச் செய்யும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நேரும் துன்பங்களே இவையும். வேறுபாடு ஒன்றுதான்: கஞ்சாவில் மருந்தாவது பூ. அதைக் கழுவுவதில்லை, தோல் உரிப்பதில்லை. உலர்த்தி, சூடாக்கி ஆவியை இழுக்கிறார்கள். அல்லது சாற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். பூவில் ஒட்டிய நஞ்சு சாற்றிலே செறிந்து நிற்கும்.

ஆகையால் பூத்த செடியிலே எதையும் தெளிக்காதிருப்பதே நல்ல வளர்ப்பாளரின் விதி. வேப்பெண்ணெய் கூடாதா என்று கேட்பீர்கள். வேம்பு நமக்குத் தெய்வ மரம். ஆயினும் பூவின் பிசினிலே அவ்வெண்ணெய் ஒட்டிக்கொண்டால் நோயாளியின் மார்புக்குள் அதுவும் போகும். இயற்கையில் விளைந்தது என்பதனால் எதுவும் தீங்கற்றதாகிவிடாது. பாம்பின் விஷமும் இயற்கையே!

பின் எவ்வாறு காப்பது? பூப்பதற்கு முன்பே காக்க வேண்டும். நோயற்ற கன்றை நடுவது, செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுவது, அடியிலைகளைக் கழிப்பது, மஞ்சள் நிற ஒட்டுப்பொறி தொங்கவிட்டுப் பூச்சியை எண்ணுவது, சிலந்திப் பேனைத் தின்னும் வேறோர் இனப் பேனையும், அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டையும் காலத்தில் விடுவது, புழுவுக்கு, அதன் குடலை மட்டும் தாக்கும் பசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் பற்றீரியாவை இளம் பருவத்தில் தெளிப்பது. இவையெல்லாம் பீடை சிலவாக இருக்கும்போது பலிக்கும். பல்லாயிரமாகப் பெருகிய பின் பலிக்கமாட்டா. சுருங்கச் சொன்னால், சேதன முறை என்பது போத்தலில் வரும் ஒரு பொருளன்று. அது நாள்தோறும் செடியைப் பார்க்கும் கண். காலத்தைத் தவறவிடாத கை. இறுதியில் பொய் சொல்லாத பரிசோதனை.

இந்த மூன்றாவதன் அருமையைக் கனடா கண்டது. அங்கே ஒர்கானிகிராம் என்ற நிறுவனம் சேதனச் சான்றிதழுடன் மருத்துவக் கஞ்சா விற்றது. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் அதன் பொருள்களில் மைக்குளோபியூட்டனில், பைபெனசேற்று என்னும் அனுமதியற்ற இரசாயனங்கள் காணப்பட, அவை திரும்பப் பெறப்பட்டன. மைக்குளோபியூட்டனில் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து. அதைச் சூடாக்கினால் ஐதரசன் சயனைட்டு என்ற கொடிய நஞ்சு எழும். சான்றிதழ் சுவரிலே தொங்கியது. உண்மையை ஆய்வுகூடமே சொன்னது. அந்த நிகழ்ச்சியின் பின் கனடா தன் கண்காணிப்பை இறுக்கியது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அன்றைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் ஒரு வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளையினதும் பீடைநாசினியினதும் இறக்குமதியைத் தடுத்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதன நாடாகிவிடுமாம்! பொறிவண்டு எங்கே? பயிற்சி எங்கே? வேப்பங்கொட்டை எங்கே? ஆய்வுகூடம் எங்கே? ஒன்றும் இல்லை, உத்தரவு மட்டுமே இருந்தது. சீனத்திலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா இருப்பதாக நமது தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் கண்டனர். இறக்காமலே திரும்பிய அச்சரக்குக்காக 2022 சனவரியில் 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அரிசி கப்பலில் வந்தது. 2021 நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. கமக்காரனின் இழப்பு மட்டும் நீக்கப்படவில்லை.

அந்தத் தடையால் விளைந்த பெருங்கேடு வேறொன்று. சேதனம் என்ற சொல்லே கமக்காரனுக்குக் கசந்துவிட்டது. நல்ல மருந்தைத் தவறான அளவில் ஊட்டிய வைத்தியன், நோயாளியைக் கெடுத்ததோடு மருந்தின் பெயரையும் கெடுத்தான்.

நம்மவர் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்து மண்ணை வளர்த்தவர் யாழ்ப்பாணத்து முன்னோர். புகையிலைத் தோட்டத்திலே விடியலில் குனிந்து புழுப் பொறுக்கியவர் அவர்கள். மிளகாயும் வெங்காயமும் பணம் கொழித்த காலத்திலே நாம் பசளை மூட்டையையும் மருந்துப் போத்தலையும் நம்பினோம். இன்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதாக ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண். மேலே ஊற்றியது கீழே இறங்காமல் எங்கே போகும்? இன்று தெளித்து நாளை பறிக்கும் கையும் நம்மிடையே உண்டு. போத்தலின் முகப்பில் அச்சிட்ட காத்திருப்பு நாள்கள் சந்தை விலையின் முன் செல்லாக்காசாகின்றன.

ஆனால் அவனை அப்படிச் செய்ய வைப்பது எது? கத்தரியின் தண்டு, காய் துளைப்பான் முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துள் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். பின்பு மேலே எத்தனை முறை தெளித்தாலும் அதைத் தொடாது. இதை எவரும் விளக்காததால் அவன் மேலும் மேலும் தெளிக்கிறான். வாடிய குருத்தை வாரந்தோறும் ஒடித்து எரிப்பதும், ஆண் அந்துப்பூச்சியை வாசனைப் பொறியால் பிடிப்பதும், ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து நூறு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து வெயில் தாழ்ந்தபின் தெளிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அவர் தமிழிலே சொல்ல வேண்டும்.

இன்னொரு கொடுமையும் கேளுங்கள். நமது ஆயுர்வேத, சித்த மருந்துகள் சிலவற்றுக்குக் கஞ்சா தேவை. அதற்கு நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது, பொலிசார் கைப்பற்றி, வழக்கு முடியும்வரை நீதிமன்றக் களஞ்சியத்திலே கிடந்த சரக்கு! எந்த மண்ணில் விளைந்தது, எதனைத் தெளித்தார்கள், எத்தனை ஆண்டு பூசணம் பிடித்தது என்று எவர் அறிவார்? ஐரோப்பிய மருந்து நூலிலே கஞ்சாப் பூவுக்கென 2024இல் தனி விதி வந்திருக்கிறது. அங்கே எஞ்சிய நஞ்சுக்கு வரம்பு உண்டு. அங்குள்ள நோயாளிக்குச் சோதித்த பூ. இங்குள்ள நோயாளிக்குக் குற்றவாளியின் பொட்டலம். இதுவா நீதி?

எமது கோரிக்கைகள் மிகையானவையல்ல. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் காய்கறியின் எஞ்சிய நஞ்சைச் சோதிக்கக் கமக்காரன் எளிதில் அணுகத்தக்க ஆய்வுகூடங்கள் வேண்டும். முடிவுகள் சந்தை வாயிலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். நன்மை செய்யும் பூச்சிகளை வளர்த்து மலிவாக வழங்கும் நிலையங்கள் வேண்டும். மீரிகமவுக்கு வரும் நிபுணரின் பீடைக் கட்டுப்பாட்டு அறிவைக் கமத்தொழில் திணைக்களம் நமது விவசாயப் போதனாசிரியருக்கும் புகட்ட வேண்டும். உள்நாட்டு வைத்தியத்துக்கு வேண்டிய மூலிகையும் அதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும்.

கொழும்பிலே வாழும் வைத்தியர்களே, இரசாயனவியலாளர்களே, சட்டத்தரணிகளே! உங்கள் பாட்டன் தோட்டத்திலே புழுப் பொறுக்கியவன். நீங்கள் கற்ற கல்வியில் அவன் வியர்வை இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மாம்பழப் பெட்டியை மட்டும் கொண்டுவராதீர்கள். உங்கள் அறிவையும் அங்கே கொண்டு செல்லுங்கள். காத்திருந்து பறித்த காய்க்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க நீங்கள் முன்வந்தால், காத்திருக்க அவனும் முன்வருவான்.

கமக்காரப் பெருமக்களே! அரசாங்கம் தரட்டும் என்று வாளாவிருத்தல் வேண்டாம். பூத்த செடிக்கு நஞ்சு கூடாதென்று வெளிநாட்டவன் காட்டும் கவனம் நம் வரப்பிலும் தொடங்கட்டும். விற்பதற்கென்று ஒரு பாத்தி, வீட்டுக்கென்று வேறு பாத்தி என்று மருந்தடிக்காமல் ஒதுக்கும் பழக்கம் எங்கேனும் உண்டானால், அதை இன்றே விட்டொழியுங்கள். வெள்ளவத்தையில் உண்பவனும் உங்கள் பிள்ளையே.

அந்நியன் புகைக்கும் பூவுக்குக் காவல். நம் குழந்தை உண்ணும் காய்க்கு விதி விட்ட வழி! இந்த நிலை நீங்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.