கணக்குக் காட்டாதவர்கள்

ஏர் இந்தியா கம்பெனி 470 புது விமானங்கள் வாங்கப்போகிறது என்று 2023 பிப்ரவரியில் செய்தி வந்ததும் நாடே புளகாங்கிதம் அடைந்தது. ஏர்பஸ் 250, போயிங் 220. அது போதாதென்று 2024 டிசம்பரில் ஏர்பஸ் இன்னும் 100 என்றார்கள். சந்தோஷமான சமாசாரந்தான். டாட்டா கம்பெனியார் தங்கள் பொறுப்பில் வாங்குகிறார்கள்; லாப நஷ்டம் அவர்கள் பாடு. ஆனால் இந்த மேளச் சத்தத்தில் பழைய பாக்கி ஒன்று யார் காதிலும் விழாமல் போகிறது. அந்தப் பாக்கி டாட்டாவுடையது அல்ல. உங்களுடையது, என்னுடையது.

"சர்க்கார் கையில் இருந்ததால்தான் கெட்டது" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் பழங்கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1932 அக்டோபர் 15ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூன் 8ந் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' லண்டனுக்குப் புறப்பட்டது. 1953இல் கம்பெனி தேசியமயமாயிற்று. அதற்குப் பிறகுதான் 1960இல் போயிங் 707 வந்தது; 1962இல் ஜெட் விமானங்களையே கொண்ட உலகின் முதல் விமானக் கம்பெனி என்ற பெயரும் வந்தது. முதலாளி சர்க்கார், 1978 வரை தலைமையில் இருந்தவரோ தொழில் தெரிந்தவர். ஆகவே குற்றம் சர்க்கார் சொத்தாக இருந்ததில் இல்லை. வேறெங்கே?

2004 ஜனவரியில் 28 விமானம் வேண்டும் என்று திட்டம் போட்ட ஏர் இந்தியா, அந்த வருஷம் முடிவதற்குள் 68 வேண்டும் என்றது. உள்நாட்டுச் சகோதரியான இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43. ஆக 111. சில மாதங்களில் திட்டம் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிப்போயிற்றே, பணத்துக்கு என்ன வழி? கடன்! பல்லாயிரம் கோடி ரூபாய் வியாபாரத்தில் சர்க்கார் முதலாகப் போட ஒப்புக்கொண்டது 325 கோடி.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் ஒரு குடியானவர் டிராக்டர் வாங்கக் கடன் கேட்டுப் பாங்குக்குப் போகட்டும். "உங்கள் கையிலிருந்து எவ்வளவு போடுவீர்கள்? நிலம் எத்தனை ஏக்கர்? தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்?" என்று மானேஜர் கேட்பாரா, மாட்டாரா? ஒரு டிராக்டருக்குக் கேட்கிற கேள்வியை 111 விமானங்களுக்குக் கேட்க டெல்லியில் ஆள் இல்லாமல் போய்விட்டது!

விளைவு? நெடுந்தூரம் நிற்காமல் பறக்க எட்டு போயிங் 777-200 எல்.ஆர். விமானங்கள் வந்தன. எண்ணெய் குடித்தே அவை கம்பெனியை அலற வைத்தன. சில வருஷங்களுக்குள் ஐந்து விமானங்கள் எதிஹாட் கம்பெனிக்கு விலை போயின. 2008இல் வரவேண்டிய 787 விமானம் 2012 செப்டம்பரில்தான் வந்தது. இவ்வளவு பெரிய கொள்முதலைக் கடனையே நம்பிச் செய்தது ஆரம்பத்திலேயே ஆபத்தை விலைக்கு வாங்கியதற்குச் சமம் என்ற கருத்தில் 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார்.

பழைய விமானங்களை மாற்றத்தான் வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கடன் முழுவதும் விமானம் வாங்கியதாலேயே வந்தது என்றும் சொல்லவில்லை. 2007இல் இரண்டு கம்பெனிகளையும் அவசரமாக முடிச்சுப் போட்டது, எண்ணெய் விலை, போட்டி எல்லாம் சேர்ந்துதான் கழுத்தை நெரித்தன. ஆனால் வருமானத்துக்கு மிஞ்சிய கடனைத் தலையில் ஏற்றியது யார்?

2021இல் கம்பெனி விலை போனபோது மொத்தக் கடன் 61,562 கோடி. டாட்டா ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. பாக்கி 46,262 கோடி சர்க்காரின் தலையில், அதாவது பொது ஜனங்களின் தலையில். 140 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 330 ரூபாய். ஏனாத்தூரில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு. விமானத்தில் கால் வைக்காதவன் விமானக் கடன் கட்டுகிறான்!

"கிராமத்தானுக்கு விமான விவகாரம் எதற்கு?" என்பார்கள். இதே மாவட்டத்துப் பரந்தூரில் புது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தபோது, ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராட எழுந்தார்கள். நிலம் கேட்கும்போது மட்டும் கிராமத்தானை ஞாபகம் வருகிறதல்லவா? கணக்குச் சொல்லும்போதும் வரட்டுமே!

இந்த மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அந்த ஊர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் அன்று இருந்த கண்டிப்பு அது.

நம் தலைவர்கள் அந்தக் கல்வெட்டை ஜனநாயகத்தின் பெருமை என்று மேடையில் புகழ்கிறார்கள். புகழட்டும். 28 எப்படி 68 ஆயிற்று, யார் சொல்லி ஆயிற்று என்று எழுந்து நின்று கணக்குச் சொன்னவர் யார்? அந்தப் பதில் வரும் வரையில், கல்வெட்டைப் புகழ்கிற ஒவ்வொருவரையும் பார்த்து நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஐயா, கணக்கு எங்கே?"