பீங்கான் பல்லும் பீடிப் புகையும்

சிரித்தால் பல் வெள்ளையாகத் தெரியவேண்டும். இது எல்லாருக்கும் உள்ள ஆசை. இந்த ஆசையில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால், வாயில் புகையை வைத்துக்கொண்டே பல்லை மட்டும் வெள்ளையாக்கப் பார்க்கிறார்கள். அதில்தான் குற்றம் இருக்கிறது.

முன்பற்களின் மேல் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டிக்கொள்ளும் நாகரிகம் இப்போது பரவி வருகிறது. இதற்கு "வெனீர்" என்று பெயர். ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்கள் மட்டும் செய்துகொண்டார்கள். இன்று கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வாலிபர்களும் இதைப்பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களில் சிலர் பீடி பிடிப்பவர்கள். சிலர் சிகரெட் பிடிப்பவர்கள். "பல் கறுத்துவிட்டது. பீங்கான் ஒட்டிவிட்டால் கவலை இல்லை. புகையையும் விடவேண்டியதில்லை" என்பது அவர்கள் போடும் கணக்கு.

இந்தக் கணக்கு சரியா?

உப்பரித்த சுவர்

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோவிலால் பெயர்பெற்ற ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இங்கே உண்டு. வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பரித்த சுவருக்கு வெள்ளையடித்தால் நிற்காது. பூசிய புதிதில் பளிச்சென்று இருக்கும். பிறகு ஓரத்தில் பொருக்கு விடும். உள்ளே இருக்கிற கோளாறைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை தடவை பூசினாலும், சுண்ணாம்புக்கும் கேடு, கூலிக்கும் கேடு.

புகை பிடிப்பவர் பல்லுக்குப் பீங்கான் ஒட்டுவதும் இதே கதைதான்.

வெனீர் என்றால் என்ன?

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தை மட்டும் மூடும் ஓடு. முழுப் பல்லையும் மூடும் "கேப்" வேறு, இது வேறு. இதன் கனம் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் முதல் 0.7 மில்லிமீட்டர் வரைதான். கைவிரல் நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை எப்படி ஒட்டுகிறார்கள்? முதலில் பல்லின் முன்பக்கத்தைச் சற்றே இழைக்கிறார்கள். பிறகு அச்சு எடுத்து, அதற்கு ஏற்றபடி பீங்கான் ஓடு செய்கிறார்கள். அதை ஒருவகைப் பிசினால் பல்லோடு ஒட்டுகிறார்கள்.

சுமார் 1930ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் டாக்டர் நடிகர்களுக்கு இப்படி ஓடு செய்து கொடுத்தார். அது தற்காலிக ஒட்டு. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்பவர், லேசான அமிலம் தடவினால் பல்லில் பிசின் இறுக ஒட்டும் என்று கண்டுபிடித்தார். அந்த வழியில்தான் 1980க்குப் பிறகு பீங்கான் ஓட்டை நிலையாக ஒட்ட முடிந்தது.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பல்லின் மேல் இருக்கும் கடினமான பகுதிக்கு எனாமல் என்று பெயர். வெட்டிய நகம் வளரும். மழித்த முடி வளரும். இழைத்த எனாமல் ஒருநாளும் வளராது.

ஆகவே, எனாமலை இழைத்து ஒருமுறை வெனீர் ஒட்டினால், அது தேய்ந்தோ உடைந்தோ போகும்போது மறுபடியும் ஒன்று ஒட்டத்தான் வேண்டும். "பிடிக்கவில்லை, பழைய பல்லைக் கொடு" என்று கேட்க முடியாது.

பாதி உண்மை

"பீங்கானில் கறை ஏறாது" என்று சொல்கிறார்களே, அது பொய்யா?

பொய் அல்ல. பாதி உண்மை. பளபளப்பான பீங்கானுக்குள் கறை எளிதில் இறங்காது. புகையில் இருக்கும் தார் அதன் மேலே படியும். பல் டாக்டர் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

மீதிப் பாதி உண்மை ஓரத்தில் இருக்கிறது.

உப்புப் பாத்தியில் அழுக்கு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நடுவிலிருந்து வராது. வரப்பு ஓரத்திலிருந்துதான் வரும். வெனீருக்கும் ஒரு வரப்பு உண்டு. பீங்கானும் பல்லும் சேரும் இடம் அது. அங்கே இருப்பது பீங்கான் அல்ல, ஒட்டுப் பிசின். அந்தப் பிசின் கறையைக் குடிக்கும். புகை பிடிப்பவர் வாயில் நாளடைவில் அந்த ஓரம் பழுப்பாகும். வெள்ளைப் பல்லைச் சுற்றி மைக்கோடு போட்டதுபோல் தெரியும். ஓரத்துக்கு உள்ளே இறங்கிவிட்ட கறை தேய்த்தாலும் போகாது.

ஆஸ்திரியா நாட்டில் இன்ஸ்ப்ரூக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 84 பேருக்கு ஒட்டப்பட்ட 318 பீங்கான் வெனீர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவுகள் 2012ஆம் ஆண்டில் வெளிவந்தன. 10 ஆண்டுகளுக்குப் பிறகும் 100க்கு 93 வெனீர்களுக்கு மேல் நிலைத்திருந்தன. நல்ல வேலைதான். ஆனால் புகை பிடிப்பவர்களின் வெனீர்களில் ஓரக் கறை தெளிவாக அதிகம் காணப்பட்டது.

பீங்கானுக்குப் பதிலாகச் சிலர் விலை குறைந்த பிசின் வெனீர் போட்டுக்கொள்கிறார்கள். அதில் ஓரம் மட்டுமல்ல, முழுவதுமே பிசின்தான். அது இன்னும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

கறையைப் போக்க உப்பும் கரியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. இது இன்னும் மோசம். ஓரத்துப் பிசினும் ஈறும்தான் தேயும்.

ஈறு இறங்கினால் அழகு ஏது?

கறையைவிடப் பெரிய ஆபத்து ஈறில் இருக்கிறது.

புகையிலையில் நிக்கோட்டின் என்ற நஞ்சு உண்டு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஈறுக்குப் போகும் இரத்தம் குறையும். ஈறு பலம் இழக்கும். ஆனால் இரத்தக் கசிவு குறைவாக இருப்பதால், நோய் இருப்பதே வெளியில் தெரியாது. "எனக்கு ஈறில் இரத்தமே வருவதில்லை" என்று பெருமையாகச் சொல்பவரின் ஈறு உள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம்.

ஈறு மேலே ஏறிவிட்டால் வெனீரின் ஓரம் வெளியே தெரியும். அதற்கு மேல் இருக்கும் பல்லின் மஞ்சள் நிறமும் தெரியும். பல் ஆட ஆரம்பித்தால் பீங்கான் இருந்து என்ன பயன்? தூண் ஆடும்போது சாயத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

இன்னொன்று. வெனீர் ஒட்டுவது பெரும்பாலும் முன்னால் தெரியும் 6 பற்களுக்கோ 8 பற்களுக்கோதான். மற்றப் பற்கள் பழையபடி இருக்கும். புகை அவற்றைக் கறுப்பாக்கிக்கொண்டே போகும். நாலைந்து ஆண்டுகளில் முன்னே வெள்ளையும் பக்கத்தில் கறுப்புமாக வாய் இரண்டு நிறமாகிவிடும்.

மின் சிகரெட் தப்பிக்கும் வழியா?

"பீடியில்தானே தார் இருக்கிறது? மின் சிகரெட்டில் தார் கிடையாதே" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. இதை "வேப்" என்கிறார்கள். சீன நாட்டு மருந்தாளர் ஹோன் லிக் 2003ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். நிக்கோட்டின் கலந்த திரவத்தைப் பாட்டரிச் சூட்டில் ஆவியாக்கி இழுக்கிறார்கள்.

இதில் தார் இல்லாததால் கறை குறைவுதான். ஆனால் நிக்கோட்டின் இருக்கிறதே! ஈறுக்குக் கேடு செய்வது அதுதான். அந்தத் திரவத்தில் உள்ள பொருள்கள் வாயையும் உலரவைக்கும். எச்சில்தான் பல்லுக்குக் காவல்காரன். எச்சில் வற்றினால் சொத்தை விழும். இனிப்பு வாசனைத் திரவங்களில் கிருமிகள் பல்லில் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். வெனீரின் ஓரத்தில் சொத்தை விழுந்தால், ஓட்டுக்கு அடியிலேயே பல் உளுத்துப்போகும். மேலே பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும்.

அந்தக் கருவி வாயிலேயே வெடித்து, பல்லும் தாடையும் உடைந்த சம்பவங்கள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன.

சட்டமும் இதை ஏற்கவில்லை. தமிழகம் 2018ஆம் ஆண்டிலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடு முழுவதும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. விற்றால் முதல் தடவை ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும், வேண்டாம் என்று சொல்வதுதான் அறிவு.

உழைப்பவர் மேல் பழி வேண்டாம்

உப்பளத்தில் வேலை செய்பவர் சுகவாசி அல்ல. தலைக்கு மேல் வெயில். காலுக்குக் கீழ் உப்புத் தண்ணீர். கண் கூசும் வெளிச்சம். இளைப்பாற ஒரு பீடி பற்றவைக்கிறார். வாயில் கொஞ்சம் புகையிலை அடக்கிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. பசியும் களைப்பும்தான் இதைப் பழக்கிவிட்டன. இவர்களைத் திட்டிப் பயன் இல்லை.

ஆனால் உண்மையை மறைத்தும் பயன் இல்லை. உலகில் வாய்ப் புற்றுநோய் காண்பவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள். இதற்கு முக்கியக் காரணம் புகையிலையும் பாக்கும். வாய்க்குள் ஆறாத புண்ணோ, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ இருந்தால், பல் அழகைப் பற்றி யோசிக்கும் நேரம் அது அல்ல. உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

பணத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அதற்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரே ஒரு பல்லின் பீங்கானுக்குக்கூட அந்தத் தொகை பெரும்பாலும் போதாது. 6 பற்களுக்குக் கடன் வாங்கினால், வட்டி ஒரு பக்கம் ஏறும். புகைக் கறை ஒரு பக்கம் ஏறும்.

யாருக்கு வெனீர் வேண்டும்?

வெனீரே கூடாது என்பது வாதம் அல்ல. விழுந்து பல் நுனி உடைந்தவர்கள் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில், குடிநீரில் புளோரைடு அதிகமாக இருப்பதால் சிறுவயதிலேயே பல் பழுப்பேறியவர்கள் உண்டு. வாய் திறந்து சிரிக்கக் கூச்சப்பட்டே வாழ்நாளைக் கழிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் வெனீர் கடைசிப் படி. அதை முதல் படியாக்கக் கூடாது.

முதல் படி, புகையை நிறுத்துவது. இரண்டாவது படி, ஈறையும் பல்லையும் சுத்தம் செய்துகொள்வது. பல பேருக்கு இதிலேயே பல் நன்றாக வெளுத்துவிடும். பீங்கானே தேவைப்படாது. அதற்குப் பிறகும் குறை இருந்தால், சில மாதம் புகை இல்லாமல் இருந்து காட்டிவிட்டு, மூன்றாவது படியாக வெனீரைப் பற்றிப் பேசலாம்.

பல் டாக்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. எனாமலை இழைப்பதற்கு முன்பு "புகை உண்டா?" என்று கேட்கவேண்டும். "இழைத்தால் திரும்ப வளராது, புகை பிடித்தால் ஓரம் கறுக்கும்" என்று தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அது புரியவேண்டும். புகையை விடாதவருக்கு "இப்போது வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிற டாக்டரே நல்ல டாக்டர்.

அரசும் ஒன்று செய்யலாம். உப்பளக் கிராமங்களுக்கு ஆண்டில் ஒரு தடவையாவது பல் டாக்டர்களை அனுப்பலாம். அந்த ஒரு நாள் எத்தனையோ வாய்ப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும்.

விட முடியுமா?

முடியும். நிக்கோட்டின் பிடி பலமானதுதான். ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் விட்டிருக்கிறார்கள். புகையிலையை விட விரும்புகிறவர்களுக்காக மத்திய அரசு கட்டணம் இல்லாத தொலைபேசி வைத்திருக்கிறது. அதன் எண் 1800-112-356. கீழ்புத்துப்பட்டுக்காரர்களுக்குப் புதுச்சேரியிலேயே அரசுப் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னையில் 1953ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

விட்ட புதிதில் பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் இரத்தம் வரலாம். பயப்படவேண்டாம். குறைந்திருந்த இரத்த ஓட்டம் ஈறுக்குத் திரும்புவதாலும் இப்படி வரும். புகையை மறுபடி தொடாமல், ஈறைப் பல் டாக்டரிடம் காட்டி மருத்துவம் செய்துகொள்ளவேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாப்பிள்ளையின் பல் வெள்ளையா என்று பார்க்கிறார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பீங்கானைக் கடையில் வாங்கலாம். நல்ல ஈறைக் கடையில் வாங்க முடியாது.

சுவரில் உப்பரிப்பு நீங்கட்டும். பிறகு வெள்ளையடிக்கலாம்.