திரும்பி வருவதும் பயணம்தான்



2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். வண்டிக்கும் எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்த தமிழ்நாடு, பொழுது சாயும் நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது வானத்தில் வட்டமடித்தது. கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் விமானம் பத்திரமாக இறங்கிய பிறகுதான் பலர் வீட்டில் அடுப்பே பற்றவைத்தார்கள்.

அன்று எல்லோரும் கேட்ட கேள்விகள் இரண்டு. பழுது என்று தெரிந்ததும் இறக்காமல் ஏன் சுற்றினார்கள்? அவ்வளவு நேரம் பறக்க முடிந்த விமானம், அப்படியே ஷார்ஜாவுக்குப் போயிருக்கக் கூடாதா? விமானம் திரும்பிய செய்தி வரும்போதெல்லாம் இதே கேள்விகள் எழுவதால், இந்த இதழில் அவற்றைப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

முதல் கேள்விக்குப் பதில், எடை. ஒரு விமானம் எவ்வளவு எடையோடு கிளம்பலாம் என்பதற்கு ஒரு வரம்பு. எவ்வளவு எடையோடு இறங்கலாம் என்பதற்கு அதைவிடக் குறைவான இன்னொரு வரம்பு. நெடுந்தூரம் போகும் போயிங் 777-300இஆர் ஏறத்தாழ 351 டன் வரை கிளம்பலாம். இறங்கும்போது 251 டன்தான் வரம்பு. நடுவில் உள்ள 100 டன், வழியில் எரிந்து தீர வேண்டிய எரிபொருள். கிளம்பிய சற்று நேரத்திலேயே திரும்பினால் அது அப்படியே டாங்கில் இருக்கும். பெரிய விமானங்கள் பலவற்றில் இறக்கை வழியாக எரிபொருளை வானிலேயே வெளியேற்ற வசதி உண்டு. திருச்சியில் சுற்றிய போயிங் 737 வகைக்கு அந்த வசதி கிடையாது. பறந்துதான் எரிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நெருக்கடி என்றால் அதிக எடையோடும் இறக்குவார்கள். ஆனால் பிரேக்கையும் சக்கரத்தையும் ஆளும் ஹைட்ராலிக்கிலேயே சந்தேகம் இருக்கும்போது, எடையைக் குறைத்துக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. 737 விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்று. ஒன்று போனாலும் மற்றவற்றை வைத்துப் பறக்கலாம். ஆனால் விமானி நினைத்துப் பார்ப்பது, அடுத்து இன்னொன்றும் போனால் அப்போது எங்கே இருப்போம் என்பதை. ஷார்ஜா வழியில் அரபிக்கடல் இருக்கிறது. பழுது சிறியதாக இருக்கலாம். அதைத் தாங்கிப் பிடிக்க மிச்சம் இருக்கும் ஏற்பாடுகள் குறைந்துவிட்டன. கையில் வழிகள் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாடம்.

சரி, திரும்புவது என்றால் கிளம்பிய ஊருக்கே ஏன்? பாதி வழியில் நின்ற பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோவது போலத்தான். மெக்கானிக், உதிரி பாகம், ஓய்வெடுத்த மாற்று விமானிகள், வேறு விமானம் எல்லாம் அங்கே கிடைக்கும். விசா இல்லாத நாட்டில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இதற்கு ஓர் உதாரணம்: 2025 மார்ச்சில் சிகாகோவிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஏர் இந்தியா விமானத்தில் 12 கழிப்பறைகளில் 8 அடைத்துக்கொண்டன. பறக்கும் திறனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு நான்கு கழிப்பறை; இன்னும் பல மணி நேரப் பயணம். அப்போது விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் இருந்தது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் இறங்கலாம் என்றால், அங்குள்ள பெரும்பாலான விமான நிலையங்களில் இரவு நேரக் கட்டுப்பாடு. கடைசியில் பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, சிகாகோவிலேயே இறங்கினார்கள். குழாய்களில் பாலிதீன் பைகளும் கந்தல்களும் துணிகளும் சிக்கியிருந்ததாக நிறுவனம் சொன்னது.

புகை, தீ, மாரடைப்பு என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அருகில் எந்த ஓடுதளம் இருக்கிறதோ அங்கேதான். 1998இல் நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பிய ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில் புகை வாசனை வந்து சுமார் 20 நிமிடத்தில் அது கனடா அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். புகை என்றதும் இறங்குவதற்கே முதலிடம் என்று நடைமுறைகள் இறுகியது அதன் பிறகுதான்.

திரும்பாமல் போனவர்களும் உண்டு. 2005இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்தின் நான்கு இன்ஜின்களில் ஒன்று கிளம்பியதுமே பழுதானது. அதை நிறுத்திவிட்டு, மிச்சம் மூன்றோடு அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். ஆனால் எரிபொருள் பற்றிய கவலையால் லண்டன் வரை போகாமல் மான்செஸ்டரில் இறங்க வேண்டியதாயிற்று. பிரிட்டன் விதிப்படி அது சரி என்றது நிறுவனம். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அதை ஏற்கவில்லை. ஒரே சம்பவம், இரண்டு நாடுகளின் பார்வையில் இரண்டு விதம்.

அதனால்தான் கடைசி வார்த்தையைக் கேப்டனுக்கே விட்டிருக்கிறார்கள். 2010 நவம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380இல் இன்ஜின் ஒன்று வெடித்து, சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பதறி உடனே இறக்கவில்லை. எது போனது, எது வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே இறக்கினார். விமானத்தில் இருந்த 469 பேருக்கும் சிறு காயம்கூட இல்லை.

திரும்பினால் நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டம். பயணிகளுக்குக் கல்யாணமும் நேர்முகத் தேர்வும் தவறிப்போகும். அத்தனையும் தெரிந்துதான் கேப்டன் முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்காக ‘ஏன் நஷ்டப்படுத்தினாய்’ என்று அவரைக் கேட்காத நிறுவனமே நம்பிப் பயணம் செய்யத் தகுந்த நிறுவனம்.

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. ‘திரும்புகிறோம்’ என்ற அறிவிப்பு வந்தால் பணிப்பெண்ணிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முடிவு அவருடையது அல்ல. தரையிறங்கிய பிறகு சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் என விதிப்படி உங்களுக்கு உரியதை நிறுவனத்திடம் விடாமல் கேளுங்கள். அப்புறம், தயவுசெய்து, கழிப்பறைக்குள் துணியைப் போடாதீர்கள்!

அன்புடன்,
ஆசிரியர்