முறிவது சத்தமாக முறியட்டும்

2008 டிசம்பரில் வந்த, பைத்தான் நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு பழைய நிரல்களை முறித்துவிட்டது என்ற புகாரில் பாதிதான் நியாயம். யூடிஎஃப்-8 கோப்பில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் 2 பைட்டுகளாக எண்ணி 15 என்றது. புதியது யூனிகோடு குறிகளாக எண்ணி 5 என்கிறது. பினாங்கில் தமிழ்ப் பெயர்ப்பட்டியலைக் கணினியில் கையாள்பவருக்கு இது லாபமே. பழைய பிரிண்ட் வரியும் பிழை காட்டி உடனே நின்றுவிடும், திருத்திக்கொள்ளலாம். ஆபத்து வேறிடத்தில். முன்பு 7/2 என்றால் 3, இப்போது 3.5, பிழைச்செய்தியே வராது. அதே பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலையொன்றில் இப்படி மாறும் எண் இருப்புக் கணக்கையே கெடுக்கும். பழையதிலிருந்து மாற 2020 வரை அவகாசம் இருந்ததே, 2.6 பதிப்பிலேயே எச்சரிக்கை வசதியும் இருந்ததே என்பார்கள். கேட்டால் மட்டும் வரும் எச்சரிக்கை, எழுதியவர் எப்போதோ வேலை மாறிப்போன நிரலுக்கு எப்படி உதவும்? மொழி மாறட்டும், மாறிய இடத்தில் நிரல் நின்று சொல்லட்டும்.